ஒரே மணம், இரண்டு மூக்கு

குன்றத்தூர் மலைமேல் உள்ள முருகன் கோயிலுக்கு முகூர்த்த நாளில் சென்றிருக்கிறீர்களா? பன்னீரும் ரோஜா மாலையும் யாரோ பூசிய கஸ்தூரி அத்தரும் கலந்து வீசும். அதை முகர்ந்த ஒருவர், "முகப்பவுடர் வாசம்" என்பார். மற்றவர், "வெறும் ரோஜாதானே?" என்பார். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியே. பன்னீரில் மிகுந்துள்ள ஃபினைல் எத்தில் ஆல்கஹாலின் மூலக்கூறு எடை 122. அது சீக்கிரம் ஆவியாகும். கஸ்தூரிக்கு மணம் தரும் மஸ்கோனின் எடை 238. 15 கார்பன் அணுக்களாலான வளையம் கொண்ட அது மெல்ல ஆவியாகி, நெடுநேரம் தங்கும். (கஸ்தூரி மானைக் கொல்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. கடையில் விற்கும் 'கஸ்தூரி' பெரும்பாலும் செயற்கையே.) ஆகவே முன்னால் முகர்ந்தவருக்கு ரோஜா தூக்கலாகத் தெரியும், பின்னால் வந்தவருக்குக் கஸ்தூரி.

ஒரே நேரத்தில் முகர்ந்தாலுமா வேறுபாடு? ஆம். நம் மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. இவற்றை ஆக்கும் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் ஆகியோர் 1991இல் வெளியிட்டு, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். இம்மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்றே மாறுபடும். பவுடர் மணம் தரும் பொருள்களில் ஒன்று பீட்டா அயோனோன். ரோஜாவிலும் சிறிதளவு உண்டு. ஒரே ஒரு மரபணுவின் மாறுபாட்டால் சிலருக்கு அது பூமணமாகவும், சிலருக்குப் புளித்த வாடையாகவும் படுகிறது என 2013இல் ஆய்வாளர்கள் காட்டினர். செயற்கைக் கஸ்தூரிகள் சில, சிலர் மூக்குக்கு எட்டுவதேயில்லை! அவர்களை "மூக்கடைப்பா?" என்று கேலி செய்வது நியாயமா?

நீங்களே சோதியுங்கள். காகிதத் துண்டில் ஒரு சொட்டு அத்தர் விட்டு, உடனேயும் ஒரு மணி கழித்தும் நண்பர்களை முகரச் சொல்லுங்கள். பேசாமல் தனித்தனியே எழுதட்டும்; ஒருவர் "ரோஜா" என்றுவிட்டால் மற்றவர் மூக்கும் ரோஜாவையே தேடும். மல்லிகை சூடியவர் மட்டும் சற்றுத் தள்ளி நிற்கட்டும்.