நீர்த் தொழில்களில் நம் இளைஞர்க்குள்ள வாய்ப்புகள்

வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத செட்டிநாட்டில் தண்ணீரைப் பேணுவது பண்டுதொட்டே ஒரு தொழிலாக இருந்து வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்யினும், அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டியே பெய்து தீர்ந்துவிடுகிறது. அதனைத் தேக்கி வைக்கவே நம் முன்னோர் கண்மாய்களையும் ஊருணிகளையும் வெட்டினர். கண்மாய் மடையைத் திறந்து, முறை வைத்து வயல்களுக்கு நீர் விடுபவருக்கு நீர்ப்பாய்ச்சி என்று பெயர். அறுவடையில் அவருக்கென நெல் ஒதுக்கப்பட்டது. தண்ணீருக்குப் பொறுப்பேற்பவருக்கு ஊதியம் உரியது என்பதை நம் ஊர்கள் அன்றே ஒப்புக்கொண்டிருந்தன.

இன்று ஆழ்துளைக் கிணறும் மேல்நிலைத் தொட்டியும் குழாயும் ஊர்தோறும் வந்துவிட்டன. 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜல் ஜீவன் இயக்கம், ஊரக மக்களுக்கு ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீரை வீட்டுக் குழாயில் வழங்குவதைக் குறிக்கோளாகக் கொண்டது. ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு இது 55,000 லிட்டராகும். அவ்வூர்த் தொட்டி 30,000 லிட்டர் கொள்வதாயின், நாளொன்றுக்கு ஏறக்குறைய இருமுறை நிரப்புதல் வேண்டும். மோட்டார் ஒருநாள் பழுதுபட்டால், மறுநாள் விடியலில் பெண்கள் குடமெடுத்துத் தொலைவு நடக்க நேரிடும். பழுது பார்ப்பவர் நகரிலிருந்து வரவேண்டியிருப்பின் இத்துன்பம் மேலும் நீளும். அதே ஊரில் பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞர் வேலை தேடி அயலூருக்குப் பயணப்படுகிறார். இவ்விரு குறைகளையும் ஒருசேரத் தீர்க்க வழியுண்டு.

ஊரிலேயே உள்ள பணிகள்

ஊராட்சியின் தொட்டி இயக்குநர் பணி பலர் கருதுவது போல வெறும் சுவிட்சுப் போடும் வேலையன்று. மாதம் இருமுறை தொட்டியைக் கழுவ வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 4 கிராம் வீதம், 30,000 லிட்டருக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் சேர்க்க வேண்டும். குழாய்க் கசிவையும் கண்டறிய வேண்டும். இப்பணியின் ஊதியம் சிறிதே. அதனை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது. ஆயினும் மோட்டார்ச் சுருள் கட்டுதல், குழாய் பொருத்துதல், கைப்பம்பு பழுது பார்த்தல் ஆகியவற்றையும் கற்றவருக்கு, சுற்றியுள்ள பத்து ஊர்களிலும் வேலை கிடைக்கும்.

பெண்களுக்கும் இதில் இடமுண்டு. நீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளித்தல் ஜல் ஜீவன் இயக்கத்தின் ஓர் அங்கமாகும். ஒரு லிட்டர் குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் 500 மில்லிகிராமுக்கும், புளோரைடு 1 மில்லிகிராமுக்கும் மேற்படாதிருத்தல் நலம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவுகளை அறிந்த பெண், தம் ஊர்க் குழந்தைகளின் பற்களையும் எலும்புகளையும் காப்பவராவார்.

பயிலும் வழி

தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய் பொருத்துநர் பயிற்சி ஓராண்டு; மின்பணியாளர், பொருத்துநர் பயிற்சிகள் ஈராண்டு. ஈராண்டுப் பயிற்சி முடித்தோர் பாலிடெக்னிக்கில் உரிய பிரிவின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் பெற்றோர் அவ்வாறே பொறியியற் பட்டப் படிப்பில் சேரலாம். 1971-இல் அமைந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், நீர்வளத் துறை, உள்ளாட்சிகள் ஆகியவற்றில் பொறியாளர் பணிகள் உள்ளன. வேதியியல் பட்டதாரிகளுக்கு நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. சென்னையையடுத்த மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொடங்கப்பெற்றன. இத்தகைய ஆலைகளுக்கும் இயக்குநர்கள் வேண்டும்.

இரும்புக் குழாயையும் பம்பையும் தின்னும் பகை துரு. அதனைத் தடுக்கும் ஆராய்ச்சி நம் காரைக்குடியிலேயே நடைபெறுகிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்ததால் உருவாகி, 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அதுவே. அறிவியல் பயிலும் நம் மாணவர் இதனை அயலார் நிலையமென்று கருதாதிருத்தல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மின்சாரத்தோடு பழகும் தொழிலைப் பார்த்துப் பழகினால் போதும் என்பது தவறு. முறையாகப் பயின்று சான்றிதழ் பெறுதல் வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கூலி எவ்வளவு கூடுதலாயினும் அதற்கு இணங்கலாகாது.

ஊராட்சி மன்றங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த கிராம சபையில், தத்தம் ஊரில் பத்தாம் வகுப்புத் தேறி வேலையின்றி இருப்போரின் பட்டியலையும், கடந்த ஓராண்டில் மோட்டார் பழுதுபட்டுத் தண்ணீர் நின்ற நாட்களின் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்களாக. முதற்பட்டியலிலிருந்து இருவரைத் தேர்ந்து பயிற்சிக்கு அனுப்பினால், இரண்டாம் பட்டியல் தானே சுருங்கும்.