குட்டி வாங்கி ஏமாந்தவருக்குத் துணை நிற்கப் போகிறவர்களுக்கு

காஞ்சிபுரத்தில் நுகர்வோர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். பட்டுப்புடவைச் சச்சரவுகள் உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும். ஜரிகையில் சந்தேகம் வந்தால் சோதித்துச் சொல்ல ஊரிலேயே ஆள் உண்டு. அசல் பட்டு என்று காட்ட 2004 முதல் சில்க் மார்க் அட்டை இருக்கிறது. விற்ற கடை நாளைக்கும் காந்தி ரோட்டில் அதே இடத்தில்தான் இருக்கும். நாய்க்குட்டி விவகாரத்தில் இந்த வசதி எதுவும் கிடையாது. விற்றவர் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் எண், ஒரு ஜிபே பெயர், அவ்வளவுதான். வாங்கியது உயிருள்ளது. அது சாகும்போது சாட்சியமும் அதோடு போய்விடுகிறது. பிள்ளையார்பாளையத்திலிருந்தும் ஓரிக்கையிலிருந்தும் இப்படிப்பட்டவர்கள் இனி உங்களைத் தேடி வருவார்கள். “ஒரு நாய்க்காகவா இவ்வளவு?” என்ற கேள்வி உங்கள் முகத்தில்கூடத் தெரியக் கூடாது. தறிக்கூலியில் மிச்சம் பிடித்து மகளுக்காகக் குட்டி வாங்கியவர், அது சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

1. முதலில் குட்டியைப் பாருங்கள். வந்தவர் கதை சொல்லத் தொடங்கியதும் “குட்டி இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். வீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடக்கிறது என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள். பார்வோ என்ற தொற்றுக் கழிச்சல் நோய் வந்த குட்டி ஒரே நாளில் நீர்வற்றிச் செத்துப்போகலாம். “பால் கொடுங்க, சரியாயிடும்”, “மஞ்சள் கொடுங்க” என்று குட்டியை வளர்த்து விற்ற பிரீடர் போனில் சொல்லிக்கொண்டிருப்பார். அதை நம்பிக் காத்திருந்து கெட்டவர்கள் அதிகம். உடனே சிகிச்சைக்குப் போனால் குட்டி பிழைக்க வழி உண்டு. பின்னாளில் “நீங்கள் கவனிக்கவில்லை” என்று எதிர்த்தரப்பு சொல்வதற்கும் இடம் இருக்காது.

2. நான்கு தேதிகளை எழுதி வாங்குங்கள். குட்டி பிறந்த தேதி, தடுப்பூசி போட்ட தேதி, வீட்டுக்கு வந்த தேதி, முதல் அறிகுறி தெரிந்த தேதி. வழக்கின் முக்கால் பங்கு இந்த நான்கில் அடங்கிவிடும், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

பார்வோ கிருமி உடலுக்குள் போனபின் நோய் தெரிய வழக்கமாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகலாம். வீட்டுக்கு வந்த மறுநாளே சாப்பிடாமல் படுத்துவிட்ட குட்டி, அந்த நோயை விற்ற இடத்திலிருந்துதான் கொண்டுவந்திருக்கிறது. இதை மருத்துவர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்பின் வாதம் பாதி விழுந்துவிடும். அறிகுறி பத்தாம் நாள்தான் தெரிந்தது என்றால் நிலைமை வேறு. இடையில் தெருநாய்களோடு விளையாட விட்டார்களா, வேறு நாய் இருந்த வீட்டுக்குத் தூக்கிப்போனார்களா என்று கேளுங்கள். பதில் பாதகமாக இருந்தால், “இதில் நமக்குப் பிடிமானம் குறைவு” என்று குட்டிக்கு உரியவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். பொய் நம்பிக்கை கொடுத்து இரண்டு வருடம் அலைய வைப்பது பாவம். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு தொற்றுநோய் வேறு கணக்கு. அது வெளியே தெரியவே சில வாரங்கள் ஆகலாம் என்பதால், தாமதமாகத் தெரிந்தாலும் விற்றவர் இடத்திலிருந்து வந்ததாக இருக்க வாய்ப்பு உண்டு.

பிறந்த தேதிக்கு வருவோம். மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. எட்டு வாரம் என்றால் 56 நாள். நம் பக்கத்தில் “45 நாள் குட்டி ரெடி” என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். தன் மீறலைத் தானே எழுதிக் கொடுக்கிறார் பிரீடர், அதைப் படம் பிடித்து வையுங்கள். அட்டையில் 60 நாள் என்று எழுதி, கையில் வந்த குட்டி முப்பது நாள்கூட ஆகாததாக இருப்பதும் உண்டு. பற்கள் காட்டிக்கொடுத்துவிடும். பால்பற்கள் மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கி, எட்டு வாரத்தில் ஏறத்தாழ 28-ம் வந்திருக்கும். வாயைத் திறந்து பார்த்து, மதிப்பிட்ட வயதைச் சீட்டில் எழுதும்படி மருத்துவரைக் கேளுங்கள். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். பலர் கேட்பதில்லை.

3. தடுப்பூசி அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படியுங்கள். மருந்துப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் தொகுதி எண்ணும், தயாரித்த தேதியும், காலாவதித் தேதியும் பொடி எழுத்தில் இருக்கும். ஊசி போட்டதாக எழுதிய நாளுக்குப் பிறகு தயாரான மருந்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அட்டை பொய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மருத்துவர் கையெழுத்துக்குக் கீழே அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் கிறுக்கலும் ரப்பர் முத்திரையும் இருந்தால், அந்தப் பெயரில் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். ஆனால் ஒன்று. ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிக்கும் பார்வோ வரும். தாய்ப்பாலிலிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசி மருந்தை முறித்துவிடுவதால்தான் பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நோய் வந்துவிட்டது என்பதற்காக ஊசியே போடவில்லை என்று குற்றம் சாட்டக் கூடாது.

4. பார்வோ பரிசோதனை முடிந்ததும் கிட் குப்பைக்குப் போய்விடும், அதற்கு முன் படம் எடுங்கள். மலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, திரவத்தில் கலக்கி, சின்ன பிளாஸ்டிக் தட்டில் சில சொட்டு விடுவார்கள். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் உண்டு. அந்த இரண்டு கோடும், பக்கத்தில் குட்டியின் பெயர் எழுதிய சீட்டும் ஒரே படத்தில் தெரியட்டும். “போன வாரம் போட்ட ஊசியால் வந்த கோடு அது” என்று விவரம் தெரிந்த பிரீடர் வாதாடுவார். அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி, சில நாள் வரை மங்கலாக இரண்டாவது கோடு காட்டக்கூடும். அதனால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். வெள்ளணுக்கள் சரிந்திருந்து, ரத்தத்தோடு கழிச்சலும் போகிறது என்று மருத்துவர் எழுதியிருந்தால் அந்த வாதம் நிற்காது.

5. குட்டி இறந்துவிட்டால், சொல்லவே கஷ்டமாக இருந்தாலும் சொல்லுங்கள்: உடனே புதைக்க வேண்டாம். பிரேதப் பரிசோதனை செய்தால்தான் காரணம் நிலைநாட்டப்படும். உடலைப் பிளாஸ்டிக்கில் சுற்றி ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசுக்கள் கெட்டுவிடும். உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் சென்னை வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிதான். ஏறத்தாழ 75 கிலோமீட்டர், காலையிலேயே கிளம்பினால் முடியும். இந்தப் பயணத்துக்கு உரியவரைத் தனியே அனுப்பாதீர்கள்.

6. “வேறு குட்டி தர்றேன்” என்று பிரீடர் சொன்னால் உடனே தலையாட்ட விடாதீர்கள். பல சமரசம் இதில்தான் முடிகிறது, பல இரண்டாவது சாவும் இதில்தான் தொடங்குகிறது. பார்வோ கிருமி தரையில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். நம் நெசவாளர் வீடுகளில் குழித்தறியைச் சுற்றி மண்தரையோ விரிசல் விட்ட சிமெண்டோதான் இருக்கிறது. குட்டி அந்தக் குழிக்குள் இறங்கிப் படுத்திருக்கும். அந்த இடத்தைப் பிளீச்சிங் கரைசல் போட்டுக் கழுவினாலும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பணமாகக் கேளுங்கள். மாற்றுக் குட்டிதான் வேண்டும் என்று உரியவர் சொன்னால், அதன் ஊசிகள் எல்லாம் முடிந்தபின் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

7. பிறவிக் குறை வேறு விதமான வழக்கு. ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய நான்கு இந்திய நாய் வகைகளில் அதுவும் ஒன்று. பால்வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. அந்த வெள்ளைக்குக் காரணமான நிறமிக் குறைவே சில குட்டிகளுக்குக் காது கேளாமையையும் கொண்டுவருகிறது. வாங்கிய புதிதில் தெரியாது. கூப்பிட்டால் வராதபோது “பிடிவாதம்” என்று அடி வாங்கும். குட்டி சாப்பிடும்போது அதன் பார்வைக்குப் படாத இடத்திலிருந்து சொம்பைத் தட்டிப் பாருங்கள். காலடியில் தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு தெரிந்து திரும்பிவிடும். சந்தேகம் வந்தால் மருத்துவரிடம் போய்ச் சோதனை செய்து எழுதி வாங்குங்கள்.

இந்த வழக்கில் பிரீடர் “நாயைத் திருப்பிக் கொடு, பணம் தர்றேன்” என்பார். காது கேளாத அந்தக் குட்டி திரும்பிப் போனால் அதன் கதி என்ன என்று உரியவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். நாயைத் தானே வைத்துக்கொண்டு இழப்பீடு மட்டும் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தொற்றுநோய்க்கு 14 நாள், பிறவிக் குறைக்கு ஒரு வருடம் என்று தனித்தனிக் கெடு வைத்தே சட்டம் போட்டிருக்கிறார்கள். நமக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை, பொதுச் சட்டத்தை வைத்துத்தான் போராட வேண்டும்.

8. அந்தப் பொதுச் சட்டம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அசையும் சொத்து எல்லாமே அதில் சரக்குதான், நாய்க்குட்டியும் அதற்குள் வரும். உயிரைச் சரக்கு என்று எழுத எனக்கும் மனம் ஒப்பவில்லை, ஆனால் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போக முடியும். பில் தராதது நியாயமற்ற வணிக நடைமுறை. “விற்றது விற்றதுதான்” என்று சொல்லி, குறையுள்ள சரக்கைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பலாம். புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பிரீடர் ஓசூரிலோ பெங்களூரிலோ இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். முன்பு நம் மாவட்ட நுகர்வோர் மன்றம் செங்கல்பட்டில் நடந்துவந்தது, 2019-ல் மாவட்டம் பிரிந்தது. எனவே எங்கே கொடுப்பது என்று முதலில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இணையத்திலும் கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள், பேச்சிலேயே தீரவும் கூடும். ஒரு கேள்வியைத் தயங்காமல் கேட்டுவிடுங்கள்: குட்டி போட்டு விற்கும் எண்ணத்தோடு வாங்கினீர்களா? ஆம் என்றால், “இவர் நுகர்வோரே இல்லை, வியாபாரி” என்று எதிர்த்தரப்பு கிளப்பும்.

9. வழக்குக்கு முன் பிரீடருக்கு அனுப்பும் நோட்டீஸில் கோபம் வேண்டாம். தேதி வாரியாக நடந்தது, கேட்கும் தொகை, பதினைந்து நாள் கெடு. குட்டி விலை, மருத்துவச் செலவு, போக்குவரத்து ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை சேருங்கள். ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். பிரீடரின் படத்தைப் போட்டு “திருடன்” என்று ஊரெல்லாம் பரப்ப உரியவரின் மகனோ மருமகனோ துடிப்பார்கள். தடுத்துவிடுங்கள், அவதூறு வழக்கு திரும்பி வரும்.

10. பிரீடரையும் ஒருமுறை நேரில் கேளுங்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள். அதே ஈற்றில் மற்ற குட்டிகளும் செத்துத் தவித்துக்கொண்டிருக்கலாம். அந்தத் தகவல் உங்கள் வழக்குக்கும் உதவும்.

11. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இனப்பெருக்கத் தொழில் நடத்தக் கூடாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லை என்றால் வாரியத்துக்குத் தனியே எழுதுங்கள். 2017 விதிகளின்படி 18 மாதம் ஆகாத பெண் நாயை ஈனவிடக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. கூண்டுக்குள் அடைபட்டு வருடா வருடம் ஈனும் தாய் நாய்க்காக எந்த ஆணையத்திலும் யாரும் இழப்பீடு கேட்கப் போவதில்லை, அதனால் அந்தக் கடிதத்தைக் கட்டாயம் எழுதுங்கள். “பணம் கொடுத்தால் புகார் கொடுக்கமாட்டோம்” என்று மட்டும் வாய் தவறியும் பேசிவிடாதீர்கள். அது மிரட்டிப் பணம் பறிப்பதாகிவிடும். பண வழக்கு வேறு, தாய் நாயின் வழக்கு வேறு.

12. ஆணையத்தின் உத்தரவு வந்ததும் உரியவர் இனிப்போடு வருவார். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்ய 45 நாள் உண்டு, அதற்கு உத்தரவான தொகையில் பாதியைக் கட்ட வேண்டும் என்பதைச் சொல்லிவையுங்கள். மேல்முறையீடும் செய்யாமல் பணமும் தராவிட்டால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறினால் ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் சொல்கிறது. மனுப் போட்டதும் பெரும்பாலும் பணம் வந்துவிடும்.

13. அந்த வீட்டில் திரும்பவும் நாய் வளர்க்க ஆசைப்பட்டால் கூடவே போங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்க முடியாது. வாங்குபவர், குட்டி பிறந்த இடத்துக்கே போய்த் தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும். நாமும் அப்படியே செய்யலாம். “தாய் வேற இடத்துல இருக்கு” என்றால் திரும்பி வந்துவிடுங்கள். தாய் இருந்தால் அதன் மடியையும் எலும்பையும் கண்ணையும் பாருங்கள், இது எத்தனையாவது ஈற்று என்று கேளுங்கள். பதிவு எண், ஊசி அட்டை, பில் மூன்றும் கைக்கு வந்தபிறகு ஜிபே செய்யச் சொல்லுங்கள்.