மரக்கலம் முதல் நீராவிக் கப்பல் வரை

செண்பகனூர் மலைச்சரிவில் யூகலிப்டஸ் மரங்களைக் காண்போர் கடலை நினைப்பதில்லை. ஆயினும் அம்மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. கடல்வழியே இந்நாட்டுக்கு வந்து, 19ஆம் நூற்றாண்டில் பழனி மலையில் வேரூன்றியது. கடல் காணா ஊரின் வாழ்விலும் கப்பலுக்குப் பங்குண்டு. கடலில் செல்லும் கப்பலை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகத் திருமறையும் சுட்டுகிறது. அக்கப்பல் வணிகத்திற்கும் போருக்கும் பயன்பட்ட வரலாற்றைத் தமிழர் நோக்கில் சுருங்கக் காண்போம்.

நாவாய், வங்கம், கலம், தோணி, அம்பி எனப் பல பெயர்களைச் சங்க நூல்கள் வழங்குகின்றன. 1025இல் முதலாம் இராசேந்திர சோழனின் கலங்கள் வீரரைச் சுமந்து கடாரம் சென்றன. அக்கடலிலேயே தமிழ் வணிகரும் சென்றனர். சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது. படை சென்ற கடலில் வணிகமும் நிலைபெற்றமை நோக்கத்தக்கது.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரை சேர்ந்தபின் நிலைமை மாறிற்று. போர்ச்சுக்கீசியக் கப்பல்கள் பீரங்கி தாங்கி வந்தன. தம் அனுமதிச் சீட்டின்றிச் சென்ற வணிகக் கலங்களைக் கைப்பற்றின. சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்கள், துடுப்பு வலிக்கும் விரைவுப் படகுகளால் அவற்றை எதிர்த்தனர். நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்களின் மரைக்காயர்களும் கடல் வணிகத்தில் சிறந்தோரே. மரக்கலம் என்னும் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்பாரும் உளர்.

19ஆம் நூற்றாண்டில் நீராவியும் இரும்பும் பாய்மரத்தின் இடத்தைப் பிடித்தன. பெருமுதல் உடைய ஆங்கிலக் குழுமங்களே கடலை ஆண்டன. அந்நிலையில் 1906இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். அஃதாவது மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் வந்தன. ஆங்கிலக் குழுமம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது, 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்தார், நிறுவனமும் நொடித்தது.

பீரங்கி ஏற்றாத அவ்விரு வணிகக் கப்பல்களைக் கண்டு ஒரு பேரரசு அஞ்சியது ஏன்? கடல்வழி யார் கையில் உள்ளதோ, அவர் கையிலேயே நாட்டின் செல்வமும் உள்ளது என்பதை அது அறிந்திருந்தது. தூத்துக்குடித் துறைமுகம் 2011 முதல் வ. உ. சி. பெயரைத் தாங்கி நிற்கிறது. அப்பெயரைப் படிக்கும் மாணவர், சமயம் கடந்து அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தோரையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.