ஓரணாச் சிற்றுண்டி

தீபாவளிக்குப் புத்தாடை வாங்கச் சென்னைக்குச் செல்வோர் தியாகராய நகரை மறப்பதில்லை. பெங்களூருவின் அடுகோடியிலிருந்து விடுமுறைக்குச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகளும் 'தி.நகர்' என்னும் பெயரை அறிவர். துணிக்கடைகள் நிறைந்த அப்பகுதி, நெசவுத் தொழிலில் சிறந்து விளங்கிய ஒருவரின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவரே பிட்டி தியாகராயர்.

தியாகராயர் 1852ஆம் ஆண்டு பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1876ஆம் ஆண்டு பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் நெசவாலை நடத்தினார். அக்காலத்தில் நெசவாளர் நாடாவைக் கையால் தள்ளியே நெய்தனர். கை எட்டும் அகலமே துணியின் அகலமாக இருந்தது. கயிற்றை இழுத்தவுடன் நாடா தானே விரைந்தோடும் புதிய தறியைத் தியாகராயர் தம் ஆலையில் அமைத்தார். இத்தகைய தறியில் அகலமான துணியை விரைவாக நெய்யலாம்.

தொழிலோடு பொதுப்பணியையும் அவர் மேற்கொண்டார். 1882ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி மன்ற உறுப்பினரானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மன்றத்தில் தொண்டாற்றினார். அரசு அதிகாரிகளே வகித்துவந்த அதன் தலைவர் பதவிக்கு, அதிகாரி அல்லாத ஒருவராக முதன்முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே.

ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று இருந்தது. அங்குப் பயின்றோர் ஏழைச் சிறுவர். வறுமையால் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைவதைத் தியாகராயர் மன்றத்தில் எடுத்துரைத்தார். ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவிற்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்க 1920ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் மன்றம் ஒப்புதல் அளித்தது. பதினாறு அணாக்கள் சேர்ந்தது ஒரு ரூபாய். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இத்திட்டம் பரவியது.

அவ்வாண்டு இறுதியில் நடைபெற்ற தேர்தலில் அவர் தலைமை தாங்கிய நீதிக்கட்சி வென்றது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு அமைச்சரவை அமைக்க அவரை அழைத்தார். தியாகராயர் அப்பதவியை ஏற்கவில்லை; சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார்.

நல்ல திட்டத்திற்கும் இடையூறு நேர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவிடக் கூடாது என அரசு தடுத்தமையால் 1925ஆம் ஆண்டு அது நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார். எனினும் அவர் ஊன்றிய வித்து அழியவில்லை. மாநகராட்சி மீண்டும் உணவு வழங்கியது. 1956ஆம் ஆண்டு காமராசர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டுசென்றார். 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. கர்நாடகத்தில் 'அட்சர தாசோகா' என்னும் பெயரில் இது நடைபெறுகிறது.

இன்று பெங்களூரு அரசுப் பள்ளியில் தட்டேந்தி அமரும் குழந்தைக்குத் தியாகராயரின் பெயர் தெரியாமல் இருக்கலாம். பசித்த வயிற்றோடு பாடம் கேட்க வேண்டிய நிலை அக்குழந்தைக்கு இல்லை என்பதே அவர் பணிக்குக் கிடைத்த பயன்.

சொற்பொருள்
நாடா – தறியில் ஊடு நூலைக் கொண்டுசெல்லும் கருவி
மிகாமல் – கூடாமல்
வித்து – விதை

பயிற்சி
1. புதிய தறியால் விளைந்த நன்மைகள் யாவை?
2. சிற்றுண்டித் திட்டம் 1925இல் ஏன் நின்றது?
3. பிரித்து எழுதுக: புத்தாடை, விரைந்தோடும்.
4. உம் பெற்றோரோ பாட்டி தாத்தாவோ பள்ளியில் உண்ட மதிய உணவைப் பற்றிக் கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.