குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிக்கு

“விசேஷம் ஏதும் உண்டா?” என்று சொந்தபந்தம் கேட்கத் தொடங்கியதும் பதற வேண்டாம். முதலில் வீட்டிலேயே கவனிக்க வேண்டியவை:

● மாதவிலக்கு தொடங்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வாருங்கள். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு கருமுட்டை வெளிவரும். 28 நாள் சுழற்சியில் 14-ஆம் நாள். 32 நாள் சுழற்சியில் 18-ஆம் நாள் வாக்கில்.

● முட்டையின் ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள். விந்தணு 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய 5 நாட்களும்தான் ஏற்ற காலம். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்தாலே போதும்.

● வெள்ளைப்படுதல் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீள்வதாக இருந்தால், அந்த நாட்கள் வந்துவிட்டன என்று பொருள்.

● சேர்ந்தபின் காலைத் தூக்கி வைத்துப் படுக்கத் தேவையில்லை.

● தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்கலாம். வேறு மாத்திரைகள் சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

● கணவருக்கும் பங்குண்டு. விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். புகை, மதுவை இன்றே விட்டால்தான் 3 மாதம் கழித்துப் பலன் தெரியும். மடியில் லேப்டாப் வைக்க வேண்டாம்.

● ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் 6 மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குச் செல்லுங்கள். மாதவிலக்கு ஒழுங்கற்று வந்தால் காத்திருக்கவே வேண்டாம்.