மாற்றுச் சிறுநீரகத்தில் மீண்டு வரும் நோய்

சேலையூரில் எம் இல்லத்திற்கு அண்மையில் வாழும் அம்மையார் ஒருவர் தம் மகனுக்குத் தம் சிறுநீரகங்களுள் ஒன்றை ஈந்தார். அதற்கு முன் ஈராண்டுக் காலம் அவ்விளைஞர் வாரம் மும்முறை தாம்பரத்தில் மின்சார இரயிலேறி நகருக்குச் சென்று டயாலிசிஸ் செய்துகொண்டு, மாலையிற் சோர்ந்து மீளுதலை யாம் கண்டுளோம். மாற்றுச் சிகிச்சை இனிது முடிந்தது. ஆயினும் சின்னாளில் சிறுநீர் மீண்டும் நுரைத்தது. முகமும் காலும் வீங்கின. பழைய நோயே புதிய உறுப்பையும் பற்றியது என்றனர் மருத்துவர். அயலார் தத்தமக்குத் தோன்றியவாறு பேசினர். அம்மையாரோ என்னிடம், "தம்பி, நான் கொடுத்ததே பழுது போலிருக்கிறது, நல்லதாய் இருந்தால் என் பிள்ளைக்கு இப்படி வருமா?" என்றார். அவ்வினாவிற்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. குருதியின் கழிபொருளை வெளியேற்றிப் புரதத்தை உள்ளே நிறுத்திக்கொள்ளுதல் அவற்றின் தொழில். அவை கெடின் புரதம் சிறுநீரிற் கசிந்து நுரையாய்த் தோன்றும். மாற்றுச் சிறுநீரகம் பழுதுற்றால், உடல் அதனைப் பிறர் பொருளென்று தள்ளிவிட்டது என்றே பலரும் கருதுவர். பெரும்பாலும் அஃது உண்மையே. ஆயின், தள்ளுதல் வேறு. பழைய நோய் மீளுதல் வேறு. ஊசியால் சிறிது திசுவை எடுத்து ஆராயும் பயாப்சி என்னும் சோதனையே இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவது.

இவ்வேறுபாட்டை உலகிற்கு முதலில் உணர்த்தியோர் இரட்டையர் எனலாம். 1954 டிசம்பர் 23-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் அறுவை மருத்துவர், ரொனால்டு ஹெரிக்கின் சிறுநீரகத்தை அவருடன் ஒரே கருவிற் பிறந்த ரிச்சர்டுக்குப் பொருத்தினார். உருவொத்த இரட்டையராதலின் ஒருவர் உறுப்பை மற்றவர் உடல் தள்ளுதற்கு இடமில்லை. ரிச்சர்டு பிழைத்தார், தம்மைப் பேணிய செவிலியை மணந்து மக்களையும் பெற்றார். எனினும் பழைய நோய் அச்சிறுநீரகத்திலும் புகுந்தது. 1963-இல் அவர் மறைந்தார். ஈந்த ரொனால்டோ எஞ்சிய ஒன்றனோடு 2010 வரை வாழ்ந்தார். ஒரே தன்மைத்தாய உறுப்பு ஈந்தவரிடத்து நலமாயிருக்க, பெற்றவரிடத்துக் கெட்டது. குற்றம் உறுப்பினதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

நம் நாட்டில் வெற்றியுற நிகழ்ந்த முதற் சிறுநீரக மாற்று 1971-இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடைபெற்றது என்பதை ஈண்டு நினைத்தல் நமக்கு உவகை தரும்.

வள்ளுவனார் மருந்தைப் பற்றிய அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் வேறு வேறாக வைத்து எண்ணினார். அவ்வெண்ணம் இங்கு நன்கு பொருந்துகின்றது. பரம்பரையாய் வரும் நீர்க்கட்டி நோயின் காரணம் நோயாளியின் சொந்தச் சிறுநீரகத்திலேயே உள்ளது. ஆதலின் மாற்று உறுப்பில் அது தோன்றுவதில்லை. ஆக்சலேட்டு உப்பு மிகும் அரிய நோயொன்றிலோ காரணம் கல்லீரலில் உள்ளது. சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் அவ்வுப்பு புதியதிலும் படியும். அதுபற்றியே இரண்டனையும் சேர்த்து மாற்றும் வழக்கம் எழுந்தது.

அவ்விளைஞரைப் பற்றியது எஃப்.எஸ்.ஜி.எஸ். எனப்படுவது. வடிகட்டிகள் ஆங்காங்குத் தழும்பேறுதலே அதன் இயல்பு. அதன் ஒரு வகையில் மாற்றுப் பெற்றோருள் ஏறக்குறைய மூவரில் ஒருவர்க்கு நோய் மீள்கின்றது. சிலர்க்குச் சில நாளிலேயே. குருதியிற் சுழலும் ஏதோ ஒரு பொருள் வடிகட்டியைத் தாக்குகிறது என்று அறிஞர் நெடுநாளாய்க் கருதினர். நெஃப்ரின் என்னும் வடிகட்டிப் புரதத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளைச் சில நோயாளரிடம் அண்மைக்கால ஆய்வாளர் கண்டுள்ளனர்.

சிகாகோ மருத்துவர் 2012-இல் வெளியிட்ட செய்தியொன்று வியக்கத்தக்கது. இந்நோயுற்ற ஓர் இளைஞர்க்கு அவர் தங்கை தம் சிறுநீரகத்தை ஈந்தார். ஓரிரு நாளில் நோய் மீண்டது. இரு வாரத்தில் அவ்வுறுப்பை அகற்ற நேர்ந்தது. அதனை வீசியெறியாது, ஈந்தவரும் பெற்றவரும் இசைய, நீரிழிவால் சிறுநீரகமிழந்த வேறொருவர்க்குப் பொருத்தினர். அங்கே அது தேறியது. புரதக் கசிவும் குறைந்தது. அவ்வுறுப்பிற்குத் தீங்கு செய்தது இளைஞரின் குருதி. அதை விட்டு நீங்கியதும் நலம் பெற்றது.

எம் அயலிளைஞர்க்கு இப்போது குருதிநீர் மாற்றும் சிகிச்சை நடக்கின்றது. குருதியிலிருந்து நீர்ப்பகுதியைப் பிரித்து நீக்கி வேறு நீர்மம் செலுத்துவர். எல்லார்க்கும் இது பயன்படுவதில்லை. சிலர்க்குக் கசிவு நிற்கின்றது. இவர்க்குச் சென்ற திங்களில் புரதம் பாதியளவிற்குக் குறைந்தது என்று கேள்வி.

சிகாகோ நிகழ்ச்சியை யான் அம்மையார்க்கு எடுத்துரைத்தேன். அவர் இடைமறியாது கேட்டார். முடிவில் அவர் வினவியது அவ்விளைஞரைப் பற்றியுமன்று. உறுப்பைப் பெற்ற முதியவரைப் பற்றியுமன்று. "அந்தத் தங்கையிடம் யாராவது இதைச் சொன்னார்களா, தம்பி? அவள் பேரில் குற்றமில்லை என்று?" என்றார்.