சந்தேகக் கணக்கைச் சுருக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

ஜவ்வாது மலையில் சுகாதார ஆய்வாளராகப் பொறுப்பேற்றிருக்கிறாய். ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகப் போக என்ன பாடு என்பதை ஊர்க்காரர்களே சொல்லித்தருவார்கள். நோயாளியைக் கணக்கில் எழுதுவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் மூன்று படிவங்களைக் கொடுத்தது. அறிகுறியை வைத்துக் களப்பணியாளர் எழுதுவது எஸ். மருத்துவர் பார்த்து, இன்ன நோயாக இருக்கலாம் என்று எழுதுவது பி. ஆய்வகம் உறுதிசெய்து எழுதுவது எல். 2021 முதல் எல்லாம் கணினிக்குப் போய்விட்டன. பாகுபாடு அப்படியேதான் இருக்கிறது. எல் மட்டுமே நிஜம், மற்றவை வதந்தி என்று நினைப்பவர்கள் துறையிலேயே உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதே. ஊரில் ஏதோ கிளம்பியிருக்கிறது என்று முதலில் சொல்வது எஸ்தான். என்ன கிருமி என்று எல் சொல்லும்போது பாதி ஊர் படுத்திருக்கும்.

மலையில் எல் எப்போதும் சிறுத்தே இருக்கும். காய்ச்சல்காரர் நடந்து, பஸ் பிடித்து வருவதற்குள் நாள் ஓடிவிடும். டெங்குவுக்குக் காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1 எலைசா, அதன் பிறகு ஐ.ஜி.எம். எலைசா. காய்ச்சலின் எந்த நாளில் எடுத்த ரத்தம் என்று குறிக்காவிட்டால் 'இல்லை' என்று வரும் முடிவுக்கு அர்த்தமே கிடையாது. அட்டைப் பரிசோதனையில் தெரிந்தால் அது 'இருக்கலாம்' கணக்கு. உறுதி என்று ஏற்றாதே.

ஸ்க்ரப் டைபஸும் அப்படித்தான். புதரில் இருக்கும் சிறு உண்ணியின் குஞ்சு கடித்து வருவது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல். பொருக்கு இல்லை என்பதாலோ, முதல் சில நாளில் எடுத்த ரத்தத்தில் ஐ.ஜி.எம். தெரியவில்லை என்பதாலோ பெயரை அடித்துவிடாதே. ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் அது அவர் வேலை. யாரை எதில் சேர்ப்பது என்ற வரையறை கணக்குக்கு, மருந்து நோயாளிக்கு. இரண்டையும் குழப்பாதே.

அம்மை போட்டிருக்கிறது என்று வீட்டில் சொன்னால் அதை அப்படியே எழுதாதே. நீர்கோத்த கொப்புளமா, காய்ச்சலோடு வந்த சிவந்த தடிப்பா என்று பார். தடிப்பு என்றால் தட்டம்மைச் சந்தேகம். ரத்தம் போக வேண்டும். ஊரெங்கும் பரவிவிட்டால் ஐந்து பேருக்கு எடுத்தால் போதும். அது உறுதியானால், அவர்களோடு தொடர்புள்ள, தடிப்பு வந்த மற்றவர்களும் கணக்கில் சேருவார்கள்.

மலேரியா உறுதியானால், வெளி மாநிலத்துக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவரா என்று கேள். அங்கே தொற்றியதா, இங்கேயே பரவியதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த வேலை.

தளர்ந்த வரையறைக்கு என்ன பலன் என்று போலியோவைப் பார். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கைகால் துவண்டால், போலியோ இல்லை என்று தோன்றினாலும் தெரிவிக்க வேண்டும். பதினான்கு நாளுக்குள் இரண்டு மல மாதிரி அனுப்ப வேண்டும். அப்படித் தேடித் தேடி இல்லை என்று காட்டியதால்தான், 2011 ஜனவரியில் ஹவுராவில் வந்த நோயாளியே இயற்கைப் போலியோ கிருமிக்கு இந்தியாவில் கடைசி என்று உலகம் நம்பியது. 2014-ல் சான்றிதழும் கிடைத்தது.

இந்தப் பாடம் நம் மண்ணிலேயே படித்தது. உன் மலையும் சேர்ந்திருந்த பழைய வடஆற்காடு மாவட்டத்தில், 1980-களில், வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் நோய்க் கண்காணிப்பு ஒன்றை நடத்திக்காட்டினார். அரசு, தனியார் என்று பாராமல் மருத்துவர்கள் தங்கள் சந்தேகத்தை அஞ்சலட்டையில் எழுதிப்போட்டார்கள்.

மாதக் கூட்டத்தில் மேலதிகாரி 'உறுதியானது எத்தனை?' என்று மட்டும்தான் கேட்பார். சந்தேகம் எத்தனை, அதில் எத்தனை பேருக்கு மாதிரி எடுத்தோம், எத்தனைக்கு முடிவு வரவில்லை என்று மூன்றையும் சேர்த்துச் சொல். 'நோய் கூடிவிட்டதா?' என்று முகம் சுளித்தால், போன மாதம் எத்தனை வீடு பார்த்தோம், இந்த மாதம் எத்தனை என்ற கணக்கை நீட்டு. கூடியது நோயா, நம் தேடலா என்று அப்போது அவரும் யோசித்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்